கடைக்காரர் பதில்கள்: வாத்தும் விழவில்லை, துப்பாக்கியும் கெடவில்லை

(1996 முதல் திருச்சியில் கம்ப்யூட்டர், செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பரணைச் சுத்தம் செய்தபோது அண்ணனின் பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது. மாட்டிப் பார்த்தால் ஓடுகிறது! மாரியோ குதிக்கிறார், கான்ட்ரா ஆட்கள் சுடுகிறார்கள். ஆனால் துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டில் மட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி போய்விட்டதா? எங்கே ரிப்பேர் செய்யலாம்?
– புதுக்கோட்டை வாசகர்

எந்த டிவியில் மாட்டினீர்கள், சுவரில் தொங்குகிற தட்டை டிவியில்தானே? அப்படியானால் துப்பாக்கியைக் கழற்றிவிடாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் கிளம்பிப் போய் டிவியைத் தொடுகிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். விஷயம் நேர்மாறு. அந்தத் துப்பாக்கி எதையும் சுடாது, பார்க்கும். குழலுக்குள் ஒளியை உணர்கிற சின்னக் கண் ஒன்று இருக்கிறது. விசையை அழுத்தியதும் கண்சிமிட்டும் நேரத்துக்குத் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்து, வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று வந்து போகும். கறுப்பில் ஒளி தெரியாமல் வெள்ளையில் தெரிந்தால் வாத்து விழும். எங்கள் தெருவில் ஒருத்தன் டியூப்லைட்டைப் பார்த்துச் சுட்டே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்றான். கறுப்புத் திரை வருகிறபோதும் டியூப்லைட் எரிந்துகொண்டுதானே இருக்கும்? அந்தக் கறுப்பு வருவதே இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்கத்தான்.

பிக்சர் ட்யூப் வைத்த பழைய டிவி, சிக்னல் வந்த கையோடு வரிவரியாக ஒளியை வரைந்துவிடும். விளையாட்டை எழுதியவர்கள் அந்த வேகத்தை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். இன்றைய டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத தாமதம்தான், ஆனால் அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். உங்கள் ஊரில் பழைய டிவி வாங்குகிற கடை எதையாவது கேட்டுப் பாருங்கள். 14 அங்குலப் பெட்டி ஒன்று ஓரமாகத் தூசி படிந்து கிடக்கும். கிட்டத்தட்ட எடைக்குத்தான் கொடுப்பார்கள்.

1994-ல் உறையூரில் ஒரு டிவி மெக்கானிக் கடையில் எடுபிடியாக இருந்தேன். அங்கே ஒரு மூலையில் டிவி கேமை மணிக்கு 5 ரூபாய்க்கு விடுவோம். ஜப்பானில் நின்டென்டோ 1983-ல் விற்க ஆரம்பித்த ஃபேமிகாம் பெட்டியின் நகல்தான் நம் ஊருக்கு வந்தது. மஞ்சள் கேசட்டில் ‘99999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் உருப்படியாக ஏழெட்டு விளையாட்டு இருக்கும், மிச்சமெல்லாம் அதே மாரியோ வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். மாரியோவின் மொத்த எடை 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அதைவிடக் கனம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். ஊதியதும் ஓடியதே என்பீர்கள். ஓட வைத்தது ஊதல் இல்லை. கழற்றி மறுபடி செருகியதில் பின்கள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தன. எச்சில் ஈரம் நாளாவட்டத்தில் செம்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். பள்ளிக்கூட ரப்பரால் அந்தத் தங்க நிறக் கோடுகளை மெல்லத் தேய்த்து, பஞ்சில் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவம் தொட்டுத் துடைத்தால் போதும். ‘கம்ப்யூட்டர் ஆன் ஆகலை, பீப் பீப்னு கத்துது’ என்று வருகிறவர்களுக்கு ரேமைக் கழற்றி நான் செய்வதும் இதே ரப்பர் வைத்தியம்தான். 2 நிமிஷ வேலை. 200 ரூபாய் வாங்குகிறேன் என்பதை இப்படி அச்சிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அடாப்டர் மட்டும் பழசு வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருக்கும்.

‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது’ என்று போன் வந்தது. பிறகு வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவர். என் ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னார். போனை வைத்தால் உடனே கைது என்றார். இரண்டேகால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பள்ளியிலிருந்து வந்த பேத்திதான் போனைப் பிடுங்கி அணைத்தாள். பணம் போகவில்லை. ஆனால் 33 வருஷம் கணக்கு டீச்சராக இருந்த நான் எப்படி அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.
– மணப்பாறை, ஓய்வுபெற்ற ஆசிரியை

டீச்சர், முதலில் என் கதையைக் கேளுங்கள்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு 9.10. ‘உங்கள் மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு மெசேஜ். கடையில் ஓர் ஆடிட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. என் யுபிஎஸ் பேட்டரியோ அப்போது நொண்டி. கூப்பிட்டேன். நல்ல தமிழ், மரியாதையான பையன். ‘10 ரூபாய் கட்டினா ரெக்கார்டு அப்டேட் ஆயிடும் சார், ஒரு ஆப் மட்டும் இறக்கிக்கங்க’ என்றான். இறக்கினேன். நம் திரையை அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் காட்டுகிற ஆப் அது. அதே மாதிரி ஆப்பை வைத்து நானே நூறு பேருக்கு வெளியூரிலிருந்து ரிப்பேர் பார்த்திருக்கிறேன்! 9.24-க்கு என் கணக்கிலிருந்து 8,500 ரூபாய் கிளம்பிவிட்டது. 9.30-க்கு கரன்ட் போகவில்லை.

வீட்டில் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்னபோது வீட்டுக்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘கரன்ட் பில்லை நான்தானே கட்டுவேன், என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன?’ பதில் இல்லை. 20 நிமிஷத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இடமே இருந்திருக்கவில்லை.

கடை ஆரம்பித்த புதிதில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்று ஒரு விளையாட்டைப் பைத்தியமாக ஆடுவேன். 60 நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். இன்னும் இத்தனை நிமிஷம் என்று திரையின் கீழே அவ்வப்போது எழுத்து வரும். அதைப் பார்த்ததும் கை பதறும், ஓடுவேன், தரையிலிருந்து ஈட்டிமுள் கிளம்பிக் குத்திவிடும். அதே முள்ளின் ஊடே ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடந்தால் ஒன்றும் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு 4 மாதம் ஆனது. உங்களிடம் பேசியவன் போலீஸ் உடுப்பைக் காட்டி ஏமாற்றினான் என்று நினைக்கிறீர்கள். அவன் காட்டியது கடிகாரத்தை. ‘வைத்தால் கைது’ என்பதும் ‘9.30-க்குக் கட்’ என்பதும் ஒரே கடிகாரம்தான். அது ஓடும்போது கணக்கு டீச்சருக்கும் கணக்கு வராது, கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கும் ஆப் தெரியாது.

இனி நடைமுறை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோ காலில் விசாரித்துப் பணத்தை மாற்றச் சொல்கிற போலீசும் கிடையாது. இந்த மோசடி எவ்வளவு பரவியதென்றால், 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், ஏனென்றால் திருடன் பணத்தை ஒரு கணக்கில் தங்கவிடாமல் நாலைந்து கணக்குக்குத் துரத்திக்கொண்டே இருப்பான். நான் ஒரு மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுத்தான் அழைத்தேன். 2,100 ரூபாய் மட்டும் பல மாதம் கழித்துத் திரும்பியது.

வங்கிக்கும் அதே நாளில் எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியாள் திருடியிருந்து, 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. நாமே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது நம் தலையில்தான். அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்த விஷயத்தில் காசைக் கரைக்கிற குணம்.

ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னதால்தானே நம்பினீர்கள்? ஜெராக்ஸ் கடை, லாட்ஜ், ரோட்டோரத்தில் குடை போட்டு சிம் விற்றவர் என்று எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருப்போம்! இனி கொடுக்கும்போது முதல் 8 எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள், ஆதார் தளத்திலேயே இறக்கலாம். கைரேகையையும் அங்கேயே பூட்டி வைக்க முடியும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று சொல்லிவிடலாம்.

பேத்திக்கு என் கணக்கில் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக் கொடுங்கள். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.

ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் போன் வெடிக்குமா?
– அரியலூர் மாணவர்

நல்ல சார்ஜர் என்றால் நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். பேட்டரியைக் கொல்வது சூடு. பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கிக்கொண்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம், ஊசியால் குத்தியும் பார்க்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதை ஒருவர் என் மேஜையிலேயே செய்தார்.

நான் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கர். 30 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டுமாம். எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். தப்பா?
– கரூர் வாசகி

எங்கே இருக்கிறது டைரி? வீட்டு பீரோவில் என்றால் தப்பே இல்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற திருடன் கரூருக்கு வந்து பீரோவைத் திறக்கப்போவதில்லை. ஆபீஸ் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தால் அது வேறு விஷயம்.

மாதாமாதம் மாற்றச் சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டில் வேலை பார்த்த பில் பர் என்பவர் 2003-ல் ஒரு வழிகாட்டி எழுதினார். குறியீடு போடு, எண் போடு, அடிக்கடி மாற்று என்பதெல்லாம் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். ஓய்வுபெற்ற பிறகு, 2017-ல், அதில் பெரும்பகுதியை எழுதியதற்காக இப்போது வருந்துகிறேன் என்று பத்திரிகையிடம் சொன்னார். அதே வருஷம் நிஸ்டும் வழிகாட்டியை மாற்றியது: திருடுபோன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதே, நீளம்தான் பலம். காரணம் சுலபம். மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஜூனில் கரூர்@06, ஜூலையில் கரூர்@07. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும், சரியா?

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 4 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். புளியமரம், தகரடப்பா, வியாழன், ஜிகர்தண்டா. (இதையே வைக்காதீர்கள், இந்த இதழை வாங்குகிற எல்லாருக்கும் இப்போது தெரியும்.) குறளின் முதல் அடி, பாட்டு வரி, சாமி பெயர் வேண்டாம். ஊருக்கே தெரிந்தது ரகசியம் ஆகாது. ஒரு இடத்தில் வைத்ததை இன்னோர் இடத்தில் வைக்கவே கூடாது. அதற்கு எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் வசதி, டைரியும் வசதி. இமெயிலுக்கு மட்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனை) கட்டாயம் போடுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் ‘மறந்துவிட்டேன்’ கடிதமும் வந்து சேரும் இடம் அது. சாவிக்கொத்து மாட்டுகிற ஆணி மாதிரி.

மனித மூளை விசித்திரம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைத் திறக்கும்போது ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்று அடித்தால் ஏமாற்று வேலை செய்து அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். கான்ட்ராவில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர். 30 வருஷமாகியும் இரண்டும் விரலில் இருக்கின்றன. போன மாதம் வைத்த வங்கி பாஸ்வேர்டைக் கேட்டால் பீரோவுக்குத்தான் போக வேண்டும்.

அப்பாவுக்கு 76 வயது, விவசாயி. கையில் பட்டன் போன். தம்பி ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறான், அப்பா முரண்டு பிடிக்கிறார். நீங்கள் யார் பக்கம்?
– துறையூர் வாசகி

அப்பா பக்கம். ஆனால் முழுசாக இல்லை.

அவர் முரண்டுக்கு நியாயம் இருக்கிறது. நோக்கியா 1100 என்று ஒன்று 2003-ல் வந்ததே, நினைவிருக்கிறதா? கீபேடுக்குள் தூசி போகாது, வியர்த்த கையிலும் வழுக்காது, தலையில் டார்ச். வயல் வரப்பில் நடக்கிறவருக்காகவே செய்தது போல இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. என் கடையில் அதன் பேனல் மாற்றியே ஒரு வருஷ வாடகை கட்டியிருக்கிறேன். பாம்பு விளையாட்டு அதற்கும் முன்னால், 1997-ல் 6110-லேயே வந்துவிட்டது. தனேலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர் எழுதியது. எனக்குப் பாம்பைவிட 3310-ல் இருந்த பான்டுமிதான் பிடிக்கும். எங்கள் ஆத்தா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, ‘இது பல்லாங்குழிடா’ என்றார். ஆப்பிரிக்கா முதல் நம் திண்ணைவரை ஆடுகிற குழியாட்டக் குடும்பம்தான் அது. பிறகு அந்தப் போன் ஆத்தாவிடமிருந்து எனக்குத் திரும்பக் கிடைக்க ஒரு மாதம் ஆனது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இருப்பது 2ஜி போன் என்றால் 4ஜி பட்டன் போனாக மாற்றிக் கொடுங்கள். சில கம்பெனி சிம் 4ஜி இல்லாவிட்டால் எடுக்கவே எடுக்காது. நெல் விற்ற பணம் வருகிற பெரிய கணக்குக்கு இணைத்த சிம் அந்தப் பட்டன் போனிலேயே இருக்கட்டும். தப்பான ஆப் எதுவும் அதில் ஏறி ஓடிபியைப் படிக்க முடியாது. உரக்கடைக்கும் மருந்துக்கும் அனுப்ப வேண்டுமா? 2 ஆயிரம் மூவாயிரம் மட்டும் போட்டு இன்னொரு சின்னக் கணக்கு, இன்னொரு சிம், ஒரு சாதாரண ஸ்மார்ட்போன். குதிருக்கு ஒரு கதவு, சொம்புக்கு ஒரு மூடி. சொம்பு கவிழ்ந்தால் தாங்கலாம். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப யுபிஐ 123பே என்று 2022 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்குப் பொறுமை இருந்தால் அதையும் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்: பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டாம். பின் கேட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இதை அப்பாவே உங்கள் தம்பிக்கும் சொல்லிவிடுவார்.

வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையைத் தொட்டதும் ‘இன்ஸ்டால் செய்யவா’ என்று கேட்டது. சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்ததால் செய்துவிட்டேன். பத்திரிகை வரவே இல்லை.
– முசிறி வாசகர்

வராது. பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது ஏபிகே, அதாவது ஆப். உங்கள் சொந்தக்காரரும் இப்படி ஒரு ‘பத்திரிகை’யைத் திறந்துதான் மாட்டியிருப்பார். இப்போது உங்கள் எண்ணிலிருந்து உங்கள் சம்பந்திக்குப் போயிருக்கும்.

உடனே நெட்டை அணைத்து சிம்மைக் கழற்றுங்கள். இன்னொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தி வையுங்கள். போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு போனை ஃபாக்டரி ரீசெட் செய்யுங்கள். பிறகு ##002# அடித்து அழையுங்கள். யாராவது உங்கள் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பி விட்டிருந்தால் அது ரத்தாகும். பிறகு சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரு போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், யாரும் நம்ப மாட்டார்கள்.

டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 2016-ல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. இனி பாதுகாப்பு இல்லை என்கிறார்கள், புதுசு வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.
– லால்குடி ஆசிரியர்

கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மை. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டிக்கப் பதிவுசெய்ய வழி வைத்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் கிட்டத்தட்ட 8-வது தலைமுறையிலிருந்து. உங்கள் 2016 லேப்டாப் தேறாது. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். நானும் ஏற்றித் தந்திருக்கிறேன், பிறகு அப்டேட் நின்று திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கேள்வித்தாள் அடிப்பது, யூட்யூப் காட்டுவது, பிரின்ட் எடுப்பது, இவ்வளவுதானே? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். மின்ட் இலவசம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. டேலி மாதிரி விண்டோஸ் மட்டுமே தெரிந்த கணக்கு மென்பொருள் வேண்டுமென்றால் மட்டும் புதுசு வாங்குங்கள். கடை ஆரம்பித்த காலத்தில் ஒரு ரேம் வாங்க மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெரு கடை திறக்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதாலோ என்னவோ, ஓடுகிற மெஷினைக் குப்பையில் போட இன்றும் மனசு வருவதில்லை.

அப்பா எங்கள் கிராமத்துப் பழங்கதைகளை 1999, 2000 வாக்கில் கம்ப்யூட்டரில் அடித்து 11 ஃப்ளாப்பிகளில் வைத்திருந்தார். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அந்த ஃப்ளாப்பிகளை இனிப் படிக்க முடியுமா? ‘அதெல்லாம் செத்துப் போயிருக்கும்’ என்று இரண்டு கடையில் சொல்லிவிட்டார்கள்.
– கும்பகோணம் வாசகி

செத்துப் போயிருக்கலாம். பார்க்காமல் சொல்லக்கூடாது.

மேலே இரண்டு தடவை சொன்ன பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். தன் தம்பியை வெள்ளை உடுப்பில் ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக இளவரசனை வரைந்தார். 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வந்தது. அதன் மூல நிரல், அதாவது அவர் எழுதிய கோடு, எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். உள்ளே அந்தப் பழைய ஃப்ளாப்பிகள். 20 வருஷத்துக்கு மேல் கிடந்தவை. விவரம் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் படித்தார்கள், படிக்க முடிந்தது. அந்த விளையாட்டுக்கு இசை போட்டவரும் அதே அப்பாதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. அங்கே அப்பா மகனுடையதை எடுத்துக் கொடுத்தார், இங்கே மகள் அப்பாவுடையதை எடுத்திருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: ஃப்ளாப்பியின் உலோக மூடியை விரலால் நகர்த்தி உள்ளே பாருங்கள். பழுப்புத் தகட்டில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அதை எந்த டிரைவிலும் போடாதீர்கள். ஒன்று போதும், டிரைவின் தலையில் ஒட்டி மிச்சப் பத்தையும் கீறிவிடும். காவிரிக் கரை ஈரத்துக்கு 11-ல் சிலவாவது அப்படித்தான் இருக்கும். சுத்தமாக இருப்பவற்றை யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போடலாம். அந்த டிரைவ் இன்னும் கிடைக்கிறது. போட்டதும் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு ‘சரி’ சொன்ன நல்லவர்களால்தான் பாதி ஃப்ளாப்பிகள் உண்மையில் செத்தன. ஃபைலைத் திறந்து திறந்து பார்க்காமல் முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். ஒரு ஃப்ளாப்பி 1.44 எம்பிதான், 11-ம் சேர்ந்து 16 எம்பிகூட வராது.

அதற்குப் பிறகுதான் நிஜமான சிக்கல். ஃபைல் திறந்தாலும் எழுத்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு நம் வீடுகளுக்கு வருமுன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தது. டிஸ்கி ஒரு பக்கம், பாமினி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி, டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவிக்க வேண்டி வந்ததே இந்தக் குழப்பத்தால்தான். உங்கள் அப்பா அடித்தது சரியாக அந்தக் காலம். எந்த எழுத்துரு என்று தெரிந்துவிட்டால் மாற்றிகள் இருக்கின்றன, ஒரு நொடியில் யூனிகோடாகிவிடும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதற்கும் நான் தயார்.

பெட்டியை வெயிலில் காய வைக்காதீர்கள், ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்காதீர்கள். கூரியர் வேண்டாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். எழுத்துருவை ஊகிக்க உதவும், வருமுன் அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: அப்பா டைப்ரைட்டர் பழகியவரா, இல்லை ‘அ’ வேண்டுமென்றால் ஆங்கில ‘ஏ’யைத் தட்டுகிறவரா?